வளவு ஸாகி வளவாளர் ஆன கதை

கண்டிக்குப் பக்கத்து மடவளையில் ஸாகி என்ற பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் பள்ளிவாசல் நிர்வாகத்தாலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு ஸாகிக்கும் முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். பேக்கரி ஸாகி, மாஸ்டர் ஸாகி, சவூதி ஸாகி. இந்தக் கடைசி ஆள் சவூதியை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. பெயர் மட்டும் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறது. நான் சொல்ல வந்தது வளவு ஸாகியைப் பற்றி. வீட்டோடு சேர்ந்த காணியை நாங்கள் வளவு என்போம். காணிக்குத் தரகு பேசுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

என்னுடைய போட்டோக்கொப்பிக் கடைக்கு அவர் தினமும் வருவார். காணி பிளான்களைக் கொப்பி எடுக்க என்று சொல்லிக்கொண்டு வருவார். கொப்பி எடுக்கிற நாட்கள் குறைவு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தொலைபேசியில் காணி விற்கிற நாட்கள்தான் அதிகம். பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு அவருடைய பாஷை எனக்கு அத்துப்படி. "அமைதியான இடம்" என்றால் பஸ் போகாது. "நல்ல காற்றோட்டம்" என்றால் கூரை நிற்காது. "அக்கம்பக்கம் தங்கமான ஆக்கள்" என்றால் எல்லை வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. "கண்டிக்கு ஒரு எட்டுத்தான்" என்பார், யாருடைய எட்டு என்று சொல்லமாட்டார்.

அவருடைய மனைவி ஜெஸீமா தாத்தாவிடம் கேட்டால் (எங்கள் ஊர்ப் பேச்சில் அக்கா தாத்தா, அண்ணன் நானா, இருக்கு என்பது ஈக்கு) அந்த அம்மா இன்னும் நன்றாகச் சொல்வார். "எங்கட கலியாணத்துக்கும் இவர்தான் தரகு பேசின. ஊட்டோட பாத்ரூம் ஈக்குன்டு எங்கட வாப்பாக்கிட்ட சொன்ன. வந்து பார்த்தா ஈக்குத்தான், பக்கத்து ஊட்டோட!"

ஸாகி நானாவுக்குத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவன் முன்னால் காணியைப் புகழ வேண்டும், விற்கிறவன் முன்னால் அதே காணியை இகழ வேண்டும். புகழ்ந்தால் வாங்குகிறவன் விலையை ஏற்றுவான், இகழ்ந்தால் விற்கிறவன் விலையை இறக்குவான், இரண்டும் நடுவில் சந்திக்கும். ஆகவே புது இடத்துக்குப் போனால் அவர் முதலில் தெரிந்துகொள்வது யார் வாங்குகிறவர், யார் விற்கிறவர் என்பதைத்தான். அதில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை, ஹுன்னஸ்கிரியவுக்குப் போகும்வரை.

நடந்தது இதுதான். கண்டியில் ஒரு தொண்டு நிறுவனம். கிராமங்களுக்குப் போய், மக்களைக் கூட்டி, "உங்கள் ஊரை எப்படி முன்னேற்றலாம்" என்று கேட்டு, சார்ட் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டு வருவது அவர்களுடைய வேலை. இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்துப் பேசவைப்பார்கள். அவருக்கு நம் நாட்டு உத்தியோகத் தமிழில் வளவாளர் என்று பெயர். வளத்தை ஆள்பவர் என்று கருத்தோ என்னவோ, எனக்குத் தெரியாது. அக்குறணையில் ஸாகி என்று ஒரு விரிவுரையாளர் இருக்கிறார். கிராமிய அபிவிருத்தியில் படித்தவர், நிறுவனத்தின் வழக்கமான வளவாளர் அவர்தான்.

அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் சர்மிளா, ஒரு காலத்தில் வீடு கட்டக் காணி தேடியவள். எங்கள் ஸாகி நானாவின் இலக்கத்தை "ஸாகி வளவு" என்று போனில் பதிந்து வைத்திருந்தாள். விரிவுரையாளரை "ஸாகி வளவாளர்" என்று பதிந்திருந்தாள். போன் திரையின் ஓரம் உடைந்திருந்ததால் இரண்டுமே "ஸாகி வள" என்றுதான் தெரியும். அவள் மேலே இருந்ததை அழுத்தினாள்.

"வளவாளர் ஸாகி சேருங்களா?"

"ஓ, வளவு ஸாகிதான் பேசுற."

"ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தோட்டத்துக்கு வரணும் சேர். கிராமத் திட்டம் ஒண்ணு போடுறோம். வாகனம் அனுப்புறோம், பகல் சாப்பாடும் இருக்கு."

தோட்டம், திட்டம், வாகனம். ஸாகி நானாவின் கண் மின்னியதை நான் என் கடையிலிருந்தே பார்த்தேன். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மச்சான், வெளிநாட்டுக்காரன் யாரோ ஒரு முழுத் தோட்டத்தயும் வாங்கப் போற. கிராமமே கட்டப் போறானாம். நம்மளத் தேடி வந்தீக்கி!" அன்று மாலை சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டார் என்று ஜெஸீமா தாத்தா பிறகு சாட்சி சொன்னார்.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. ஸாகி நானா சொன்னதில் பாதியைத் தள்ளி, இராஜேஸ்வரி சொன்னதை முழுதாகச் சேர்த்து, பேஸ்புக்கில் நேரலையாக வந்த வீடியோவையும் பார்த்து எழுதுகிறேன்.

இராஜேஸ்வரி அந்தத் தேயிலைத் தோட்டத்து மகளிர் சங்கத்தின் தலைவி. கொழுந்து பறிக்கிற சம்பளம் மாதத்தின் முதல் பாதியோடு மூச்சை விட்டுவிடும். மறுபாதியை இழுத்துப் பிடிக்க, சங்கத்துப் பெண்கள் மகியங்கனை வீதியோரத்தில் ஒரு தறப்பாளைக் கட்டி, நக்கிள்ஸ் மலை பார்க்கப் போகிறவர்களுக்கு ரொட்டியும் பிளேன்டீயும் மிளகுப் பைக்கட்டும் விற்றார்கள். காற்று வந்தால் தறப்பாள் போகும், தோட்டத்து அதிகாரிகள் வந்தால் கடையே போகும். வீதியோரத்தில் இனிக் கடை போடக் கூடாது என்று இந்தத் தடவை கண்டிப்பாகவே சொல்லிவிட்டார்கள். அதே இடத்துக்குச் சற்று உள்ளே, பழைய பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. புதிது கட்டியபின் பழையதில் உடைந்த கதிரைகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தை எங்களுக்குத் தாருங்கள் என்று இராஜேஸ்வரி கேட்காத ஆள் இல்லை. கேட்டபோதெல்லாம் ஏதாவது ஒரு பயிற்சி கிடைத்தது.

காளான் வளர்க்கப் பயிற்சி, மெழுகுதிரி செய்யப் பயிற்சி, யோகட் போடப் பயிற்சி. ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் காளான் வளர்ப்பதென்றால் காளானையும் பாயில் படுக்கவைக்க வேண்டும். ஆனால் சான்றிதழுக்குக் குறைவில்லை. மழைக் காலத்தில் கூரை ஒழுகுகிற இடத்தைத் தவிர மற்றச் சுவரெல்லாம் சான்றிதழ்தான்.

இத்தனை கூட்டங்களுக்குப் போய்ப் போய் அந்தச் சனங்களும் தேறிவிட்டார்கள். வந்தவர்கள் உதவி செய்ய வேண்டுமென்றால் அழ வேண்டும். அதற்கு வேலாயி இருந்தாள். "எங்களுக்கு எதுவுமே இல்லீங்க" என்று அவள் தொடங்கினால் வெள்ளைக்காரரும் மூக்கைச் சிந்துவார். தேத்தண்ணி வந்ததும் நிறுத்திவிடுவாள், குடித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

கூட்டம் அந்தப் பழைய பிள்ளைக்காம்பராவிலேயே நடந்தது. அன்றைக்கு மட்டும் திறந்துவிடும்படி தோட்டத்தின் சின்னத்துரை சொல்லியிருந்தார். சின்னத்துரை என்றால் உதவி முகாமையாளர். இவர் சிங்களப் பையன், நல்ல பையன், தோட்டத்து வேலைக்குப் போதுமான தமிழ் பேசுவார். காவல்காரர் பொன்னையா கதவைத் திறந்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் பூட்டுவதற்காகத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

வாகனத்திலிருந்து ஸாகி நானா இறங்கியபோது வாசலில் ஒரு பெனர் கட்டியிருந்தது. "வளவாளர்: திரு. ஸாகி." தன் தொழிலுக்கு இவ்வளவு மரியாதையான ஒரு சொல் இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பெனருக்குக் கீழே நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

நிறுவனத்தின் அலுவலர் நிரஞ்சன் வேலைக்குப் புதியவர், விரிவுரையாளரை முன்பின் பார்த்ததில்லை. அவர் பெண்களைத் தரையில் உட்காரவைத்து, பெரிய சார்ட் பேப்பரை விரித்து, ஊரின் வளங்களை வரையச் சொன்னார். ஸாகி நானா அதைக் காணிப் பிளான் என்று எடுத்துக்கொண்டார். வாகனம் அனுப்பிய நிரஞ்சன் வாங்குகிறவர், தரையில் இருக்கிற சனங்கள் விற்கிறவர்கள். கணக்கு முடிந்தது. நிரஞ்சனைத் தனியே இழுத்துப்போய்க் காதில் ஓதினார்: "தம்பி, தங்கமான இடம். காத்து ஈக்கு, தண்ணி ஈக்கு. கண்டிக்கு ஒரு எட்டு."

நிரஞ்சன், மகியங்கனை வீதியின் வளைவுகளில் வாந்தி எடுத்து வந்தவர், ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

பிறகு ஸாகி நானா பெண்கள் பக்கம் திரும்பினார். வேலாயி அப்போதுதான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு "எங்களுக்கு எதுவுமே..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியுமே!" என்றார் ஸாகி நானா. "பாத்தாலே தெரியுது. இதெல்லாம் ஒரு இடமா? மண் சரியில்ல. மிளகு பாத்தன், பப்பாளி விதை இதவிடப் பெருசா ஈக்கும்."

வேலாயிக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. இதுவரை அவள் அழ, வந்தவர்கள் "அப்படிச் சொல்லாதீங்க அம்மா" என்பார்கள். இப்படி ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை.

"என்னங்க சொன்னீங்க?" என்று இராஜேஸ்வரி எழுந்தாள். "எங்க மிளகையா? ஒரு மணி கடிச்சுப் பாருங்க, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாக்கு பேசாது!"

"அது சரி, தண்ணி? கோடையில வத்திருமே."

"வத்துமா? மேட்டு ஊத்து எங்க தாத்தா காலத்துல இருந்து ஒரு நாள் நிக்கல. டவுன்ல இருந்து கேன் கொண்டாந்து புடிச்சிட்டுப் போறாங்க!"

"சனம்? தொழில் தெரிஞ்ச ஆக்கள் ஈக்கிறாங்களா?"

"தெரிஞ்ச ஆளா? காளான், யோகட், மெழுகுதிரி எல்லாத்துக்கும் பேப்பர் வச்சிருக்கோம். ஏலக்கா காயவைக்க, கித்துள் பாணி காய்ச்ச, எல்லாம் தெரியும். எடம் ஒண்ணுதான் இல்ல!"

ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். கோபத்தில் பேசப் பேச, ஊரில் இருப்பதெல்லாம் வெளியே வந்து விழுந்தது. சார்ட் பேப்பர் போதாமல் பின்பக்கமும் எழுதினார்கள். வளங்களைச் சொல்லும்படி மக்களை எப்படித் தூண்டுவது என்று நிரஞ்சன் பயிற்சியில் படித்திருந்தார், வைது தூண்டலாம் என்பது அதில் இருக்கவில்லை. இந்த வளவாளர் உண்மையிலேயே பெரிய ஆள் என்று அவருக்கு மெய்சிலிர்த்தது.

ஸாகி நானாவோ விற்கிறவர்கள் இப்படி ஏறிப்போகிறார்களே என்று வியர்த்துப்போய், தரகர்கள் கேட்கிற அடுத்த கேள்வியைக் கேட்டார். "சரி, சரி. இந்தக் காணிட உறுதி யார்ட பேர்ல ஈக்கு?"

காணியின் உரிமைப் பத்திரத்தைத்தான் நாங்கள் உறுதி என்போம். அதைக் கேட்டதும் எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நாலு தலைமுறையாக அந்த மலையில் பிறந்து, அந்த மலையிலேயே புதைபட்ட சனம். ஒரு பேர்ச் காணிக்கு உறுதி வைத்திருப்பவர் அங்கே ஒருவரும் இல்லை. ஊரைப் பற்றி எத்தனையோ கூட்டம் நடந்திருக்கிறது, இந்தக் கேள்வியை வந்தவர்களில் ஒருவரும் கேட்டதில்லை என்று இராஜேஸ்வரி என்னிடம் சொன்னாள்.

"எங்க பேர்ல ஒண்ணும் இல்லீங்க" என்றாள் வேலாயி. இந்தத் தடவை அவள் அழவில்லை.

அந்த நேரம் பார்த்து நிரஞ்சனின் போன் அடித்தது. அக்குறணை விரிவுரையாளர் ஸாகி, நிறுவனம் முன்பே அனுப்பிய கடிதத்தின்படி காலையிலிருந்து வாசலில் வாகனத்துக்குக் காத்திருப்பதாகப் பணிவோடு சொன்னார். நிரஞ்சன் போனைப் பார்த்தார், பெனரைப் பார்த்தார், எங்கள் ஆளைப் பார்த்தார்.

"சேர், நீங்க யாரு?"

"வளவு ஸாகி. மடவளை."

"என்ன வேலை செய்றீங்க?"

"காணி புரோக்கர்."

நிரஞ்சன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "சேர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனி வாயத் தெறக்காதீங்க. சின்னத்துரை பேச வந்துட்டாரு."

ஸாகி நானாவுக்கும் அப்போதுதான் புரிந்தது, இங்கே வாங்குகிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை என்று. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஓரக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

சின்னத்துரை மேசைக்கு வந்தார். தோட்டத்துக் கிளாக்கர் எழுதிக்கொடுத்த தமிழ்ப் பேச்சைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார். இதே பேச்சைத்தான் வருடா வருடம் ஏதோ ஒரு சின்னத்துரை வாசிப்பார். துரைமார் மாறுவார்கள், பேச்சு மாறாது. "இக்கட்டடத்தை மகளிர் சங்கத்தின் பாவனைக்கு வழங்குவது பற்றி நிர்வாகம் சாதகமாகப் பரிசீலிக்கும் என்று..." இந்த இடத்தில் மூச்சு வாங்கிவிட்டு, "உறுதி தருகிறேன்" என்று முடித்தார்.

ஓரக் கதிரை படாரென்று பின்னால் விழுந்தது. ஸாகி நானா எழுந்து நின்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்! உறுதி தாராராம்! துரை இந்தக் கட்டடத்துக்கு உறுதி தாராராம்! கை தட்டுங்கொ!"

பிள்ளைக்காம்பரா அதிர்ந்தது. இராஜேஸ்வரி ஒரு நொடி திகைத்து நின்றாள். அந்தச் சொல்லுக்குப் பேச்சில் என்ன பொருள் என்று தனக்கு நன்றாகத் தெரியும் என்றாள் என்னிடம். ஆனால் ஒரு நொடிக்குத்தான் தெரிந்ததாம், பிறகு அவளும் கை தட்டினாள். வேலாயி துரையின் காலில் விழுந்து நிஜமாகவே அழுதாள். யாரோ ஒரு பெண் பேஸ்புக்கில் நேரலை போட்டுவிட்டாள். சின்னத்துரைக்குத் தன் பேச்சுக்கு இப்படி ஒரு கைதட்டு கிடைத்ததே இல்லை. பரிசீலிப்பதற்கே இவ்வளவு சந்தோஷமா என்று மலர்ந்து சிரித்துக்கொண்டு நின்றார்.

தரகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாக்கு விழுந்தால், வாய் ஈரம் காயுமுன் ஏதாவது ஒரு பொருள் கை மாற வேண்டும். வெறும் வாக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பினால் வேறு வாக்காக எழும்பும். ஸாகி நானா வாசலுக்குப் பாய்ந்து பொன்னையாவின் கையிலிருந்த திறப்பை வாங்கி, சின்னத்துரையின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து இராஜேஸ்வரியின் கைமேல் வைத்து, "போட்டோ! போட்டோ!" என்று கூவினார்.

படம் எடுத்தாயிற்று. சின்னத்துரை புன்னகையோடு திறப்பைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். இராஜேஸ்வரி "ரொம்ப நன்றிங்க துரை" என்று இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள். திறப்பு உள்ளே இருந்தது. அவர் நீட்டிய கையை மடக்கும்வரை அவள் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. நேரலையில் ஊர் உலகம் பார்த்துக்கொண்டிருக்க, கும்பிடுகிற ஒரு பெண்ணின் கையைப் பிரித்துத் திறப்பு எடுக்க எந்தத் துரையால் முடியும்?

நிரஞ்சன் தன் அறிக்கையில், "வளவாளரின் பங்களிப்பு எதிர்பாராத விதமாக அமைந்தது" என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்குறணை விரிவுரையாளரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதரும் பெருந்தன்மையானவர், வீடியோவைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாராம்.

நான் ஸாகி நானாவை நேருக்கு நேர் கேட்டேன்: "நானா, உண்மையச் சொல்லுங்க. உறுதின்டா வாக்குன்டும் அர்த்தம் ஈக்குன்டு ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கட தொழில்ல அதுக்கு ஒரு அர்த்தம்தான் மச்சான்."

அடுத்த நாளே இராஜேஸ்வரி கட்டடத்தைத் திறந்து, உடைந்த கதிரைகளை விறகாக்கி, அடுப்பு மூட்டிவிட்டாள். வீதியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி ஒரு பலகையும் மாட்டினாள். நானும் ஸாகி நானாவும் ஒரு நாள் சாப்பிடப் போனோம். மிளகைப் பற்றி வாயைத் திறக்காமல் ரொட்டியை மட்டும் சாப்பிடும்படி நான் அவரிடம் முன்னமே சத்தியம் வாங்கியிருந்தேன்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஜீப் வந்து நின்றது. சின்னத்துரை இறங்கினார். சொல்லின் விவகாரத்தைக் கிளாக்கர் அவருக்கு விளக்கிவிட்டார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். அடுப்பில் ஒரு ரொட்டி கருகத் தொடங்கியது, அதைத் திருப்பிப்போட ஒருவருக்கும் கை வரவில்லை.

"இராஜேஸ்வரி, சாவி குடு" என்றார். "நான் அன்னிக்கி சொன்னது அந்த உறுதி இல்ல. காணி உறுதி இல்ல. அது சும்மா, பேச்சுல சொல்ற உறுதி."

இராஜேஸ்வரி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பயம் இருந்தது என்று பிறகு ஒத்துக்கொண்டாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சிரித்த முகம்தான்.

"சாவி தானே துரை? கட்டாயம் தந்துருவோம்ங்க. சங்கம் அத சாதகமாப் பரிசீலிக்கும்னு நானும் உறுதி தர்றேன்."

மூலையில் யாரோ ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வெடித்து, இருமலாக மாறியது. சின்னத்துரை தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு ரொட்டி" என்றார். "சம்பல் கூடப் போடு."